சிப்புக்குள் குறியாக்கி: ஒலி மென்பொருளின் உரிமக் கணக்கு

ஒலியைப் பதிகிற அல்லது அனுப்புகிற எந்தச் சாதனத்துக்குள்ளும் குறியாக்கி என்ற மென்பொருள் ஒன்று ஓடுகிறது. ஒலிவாங்கியிலிருந்து வரும் அலையை எண்களாக வாங்கி, அவற்றில் காது கவனிக்காதவற்றைத் தள்ளி, எஞ்சியதை இறுக்கிக் கட்டுவது அதன் வேலை. மறுமுனையில் அந்தக் கட்டை அவிழ்த்துத் திரும்ப ஒலியாக்குவது குறிவிலக்கி. இரண்டும் பெரும்பாலும் ஒரே சிப்பில் இருக்கும். சிப்பைச் செய்த நிறுவனமே மென்பொருளையும் எழுதியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். பல வேளைகளில் அப்படி நடப்பதில்லை. மென்பொருளை எழுதியவர் ஒருவர், அதில் உள்ள வழிமுறைக்குக் காப்புரிமை வைத்திருப்பவர் வேறொருவர், சிப்பைத் தயாரிப்பவர் மூன்றாமவர், அதைப் பெட்டிக்குள் வைத்துத் தன் பெயரை ஒட்டி விற்பவர் நான்காமவர். இந்த நால்வருக்கு இடையே பணம் எந்தத் திசையில், எந்தக் காரணத்துக்காகப் போகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. தெற்காசியா இந்தச் சங்கிலியில் இரண்டு இடங்களில் நிற்கிறது: பெங்களூரில் மென்பொருளை எழுதுகிறது, டில்லியைச் சுற்றிய தொழிற்சாலைகளில் பெட்டியைப் பூட்டி விற்கிறது. நடுவில் இருக்கும் காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருக்கின்றன. சண்டைகள் எழுவதும் அவற்றைப் பற்றித்தான்.

இறுவட்டில் பதிந்த ஒலியை எடுத்துக்கொண்டால், ஒரு செக்கனுக்கு 44,100 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 16 பிட், இடமும் வலமுமாக இரண்டு வழி. பெருக்கினால் செக்கனுக்கு 14,11,200 பிட். ஒரு நிமிடப் பாட்டு பத்து மெகாபைட்டைத் தாண்டிவிடும். தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் 1998இல் விற்ற எம்பிமேன் என்ற கையடக்கக் கருவியில் இருந்த நினைவகம் 32 மெகாபைட். சுருக்காமல் வைத்தால் மூன்று நிமிடப் பாட்டொன்றோடு அது நிறைந்துவிடும். எம்பி3 முறையில் செக்கனுக்கு 128 கிலோபிட்டாகச் சுருக்கினால் அளவு பதினொன்றில் ஒரு பங்காகக் குறைந்து, அதே நினைவகத்தில் அரை மணி நேரப் பாட்டு அடங்குகிறது. பாட்டுப் பெட்டி சட்டைப் பைக்குள் வந்ததற்குச் சுருக்கமே முதற்காரணம், சிப்பின் வேகம் அதற்கு அடுத்தது.

சுருக்குவது செவிப்புலனின் ஒரு பலவீனத்தை நம்பி நடக்கிறது. உரத்த ஓசை ஒன்று ஒலிக்கும்போது அதற்குப் பக்கத்து அதிர்வெண்ணில் உள்ள மெல்லிய ஓசை காதில் விழாது. உரத்த ஓசை நின்ற பிறகும் சிறிது நேரம் அந்த மறைப்பு நீடிக்கும். தவில் அடிக்கிற கணத்தில் அதே அதிர்வெண் எல்லையில் உள்ள தம்பூராவின் மெல்லிய சுரத்தைத் துல்லியமாகப் பதிந்து பயனில்லை. எம்பி3 குறியாக்கி 1,152 மாதிரிகளை ஒரு சட்டகமாக எடுக்கிறது. இறுவட்டின் வேகத்தில் அது 26 மில்லி செக்கன். அந்தத் துண்டை அதிர்வெண்களாகப் பிரித்து, எது எதை மறைக்கிறது என்று கணித்து, மறைபடும் இடங்களுக்குக் குறைந்த பிட்டுகளை ஒதுக்குகிறது. செக்கனுக்கு ஏறக்குறைய 38 தடவை இந்தக் கணக்கு நடக்கிறது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. எம்பி3, ஏஏசி போன்ற சர்வதேசத் தரங்கள் குறிவிலக்கி எப்படி நடக்க வேண்டும் என்பதை வரி வரியாக வரையறுக்கின்றன. குறியாக்கி எப்படி எழுதப்பட வேண்டும் என்று கட்டளையிடுவதில்லை; அது வெளியிடும் பிட்டுகள் சட்டப்படி அமைந்திருந்தால் போதும். ஆகவே குறிவிலக்கிகள் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடா. எம்பி3 குறிவிலக்கியைச் சோதிக்கும் விதியைப் பார்த்தாலே அந்த இறுக்கம் தெரியும். முழுத் துல்லியம் உடையது என்று பெயர் வாங்க வேண்டுமானால், அது தரும் வெளியீட்டுக்கும் மேற்கோள் வெளியீட்டுக்கும் இடையிலான சராசரி வர்க்கமூலப் பிழை, உச்ச அளவை ஒன்றாகக் கொண்டால், இரண்டின் பதினைந்தாம் அடுக்கால் ஒன்றை வகுத்து, அதைப் பன்னிரண்டின் வர்க்கமூலத்தால் மீண்டும் வகுத்துக் கிடைக்கும் தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 16 பிட் ஒலியை முழு எண்ணாக மட்டம் தட்டும்போது தவிர்க்க முடியாமல் வரும் பிழையின் அளவு அது. அதற்கு மேல் ஒரு மயிரிழையும் அனுமதியில்லை. குறியாக்கிக்கு இப்படி ஒரு அளவுகோல் கிடையாது. ஒரே தரத்துக்கு எழுதப்பட்ட இரண்டு குறியாக்கிகளில் ஒன்று வயலினைத் தெளிவாகத் தரும், மற்றது சிஞ்சாவின் ஓசையை நீர் கொப்பளிக்கும் சத்தமாக்கும். எழுதுபவரின் கைத்திறன் விலைபோவது குறியாக்கியில்தான். எம்பி3 உரிமக் கட்டண அட்டவணையிலும் குறிவிலக்கியைவிடக் குறியாக்கிக்கு அதிகமாகவே வாங்கினார்கள்.

சாதாரணக் கணினியில் ஓடும் குறியாக்கியை அப்படியே எடுத்து மலிவான சிப்பில் வைக்க முடியாது. குரல் பதியும் கருவி, கமரா, கைத்தொலைபேசி ஆகியவற்றின் ஒலிச் செயலிகளில் தசமக் கணக்குக்கான சுற்று இல்லாதவை ஏராளம். முழு எண்களை மட்டுமே கொண்டு அத்தனை பெருக்கலையும் செய்ய வேண்டும். இடையில் எண் பெருகி வழிந்துவிடாமலும், சிறுத்துக் கரைந்துவிடாமலும் ஒவ்வொரு படியிலும் அளவை மாற்றிப் பிடிக்க வேண்டும். கூடுதலாக ஓடும் ஒவ்வொரு மெகாஹேர்ட்சும் பற்றரியைத் தின்னும். கூடுதலாகக் கேட்கும் ஒவ்வொரு கிலோபைட்டும் சிலிக்கனில் இடம் பிடிக்கும், இடம் பிடித்தால் சிப்பின் விலை ஏறும். எனவே செயலியின் ஆணைகளை அறிந்தவர்கள் உள்வட்ட வரிகளை அசெம்பிளி மொழியில் கையால் திருத்தி எழுதுவார்கள். சிப் நிறுவனம் ஒன்று வருடத்துக்குச் சில சிப்புகளை வெளியிடும். ஒவ்வொன்றிலும் எம்பி3, ஏஏசி, டபிள்யூஎம்ஏ, ஏஎம்ஆர் என்று வாடிக்கையாளர் கேட்கும் ஒலிமுறைகள் அத்தனையும் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் தனித்தனிக் குழு வைத்துக் கட்டாது. வெளியே வாங்கும் தேவை இப்படித்தான் பிறந்தது.

அந்தத் தேவையை நம்பி ஒரு முழு நிறுவனத்தையே கட்டியவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் பெங்களூரில் ஆய்வுக்கூடம் தொடங்கியது. எண்முறைச் சமிக்ஞைச் செயலிகளில் உலகில் முன்னணியில் இருந்த அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளைக்கு 1990களின் பிற்பாதியில் தலைமை தாங்கியவர் ஸ்ரீனி ராஜம். அவரும் அங்கு வேலை பார்த்த ஆறு பேரும் வெளியேறி 2001இல் இட்டியம் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ‘நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்ற டெக்கார்ட்டின் வாசகத்துக்குரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அந்தப் பெயர். அக்காலத்து இந்திய மென்பொருள் நிறுவனங்கள் ஆட்களின் வேலை நேரத்தை மணிக்கணக்கில் விற்றன. இட்டியம் அந்த வழியில் போகவில்லை. ஒலி, ஒளி, தொடர்பாடல் ஆகியவற்றுக்கான மென்பொருளை முன்கூட்டியே எழுதி வைத்து, அதைச் சிப் நிறுவனங்களுக்கும் சாதன நிறுவனங்களுக்கும் உரிமத்தில் கொடுத்தது. முதலில் ஒரு தொகை, பிறகு விற்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் சிறு ராயல்டி. வேலை ஒருமுறை, வருமானம் பலமுறை. சந்தை ஆய்வு நிறுவனமான பார்வர்ட் கொன்செப்ட்ஸ் 2000களின் நடுவில் எடுத்த மதிப்பீடுகளில், சமிக்ஞைச் செயலாக்கப் புலமைச் சொத்தை வழங்கும் நிறுவனங்களுள் வாடிக்கையாளர் அதிகம் விரும்பியது என்ற இடம் இட்டியத்துக்குக் கிடைத்தது.

இதே காலத்தில் ஐதராபாத்திலும் ஒரு வேலை நடந்தது. அப்பிளின் முதல் ஐபொட் 2001இல் வெளிவந்தபோது அதன் உள்ளே இருந்தது போர்ட்டல்பிளேயர் நிறுவனத்தின் சிப். கலிபோர்னியாவில் தலைமையகம் கொண்டிருந்த அந்த நிறுவனத்தின் பெரிய வடிவமைப்புக் கிளை ஐதராபாத்தில் இருந்தது. இலங்கையிலும் இதற்கு நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலத்திரனியல், தொலைத்தொடர்பாடல் பொறியியல் துறையிலிருந்து கிளைத்த பராகும் டெக்னோலஜீஸ், உயர் திறன் காணொளிக் குறிவிலக்கிக்கான சுற்று வடிவமைப்பை உருவாக்கியது. ஒலியை விட்டுக் காணொளிக்குப் போனாலும் வியாபார முறை ஒன்றுதான்: பொருளை விற்பதில்லை, பொருளுக்குள் போவதற்கான வடிவமைப்பை விற்பது.

இத்தகைய உரிம ஒப்பந்தத்தில் வாங்குபவருக்குக் கிடைப்பது என்ன? சில வேளை மூல வரிகள் முழுவதும் கிடைக்கும். பெரும்பாலும் தொகுத்து முடித்த நூலகக் கோப்பும், அழைக்கும் முறையைச் சொல்லும் கையேடும், சோதனைக் கோப்புகளும் மட்டுமே வரும். மூல வரிகளுக்கு விலை பல மடங்கு. எந்தச் சிப் குடும்பத்தில் பயன்படுத்தலாம், எத்தனை வருடத்துக்குத் திருத்தம் கிடைக்கும், விற்ற எண்ணிக்கையைச் சரிபார்க்கக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டுமா என்பவை எல்லாம் பேரத்தில் முடிவாகும். ஆனால் இவற்றைவிட முக்கியமான ஒரு வாசகம் வழக்கமாக ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் இருக்கும். இந்த மென்பொருளைப் பயன்படுத்துவதற்கு மூன்றாம் தரப்பின் காப்புரிமை தேவைப்பட்டால் அதை வாங்குபவரே தேடிப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அது. பதிப்புரிமை வேறு, காப்புரிமை வேறு. முன்னது எழுதிய வரிகளுக்கு, பின்னது அந்த வரிகள் செய்யும் வழிமுறைக்கு. மேசனுக்குக் கூலி கொடுத்துவிட்டதால் காணிக்காரனுக்குப் பணம் கொடுத்ததாகிவிடாது.

காணிக்காரர்களுள் மிகவும் பேர்போனது ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில் உள்ள பிரவுன்ஹோபர் ஆய்வகம். கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வேறு ஆய்வகங்களுடன் சேர்ந்து உருவாக்கிய முறை 1992இல் எம்பெக்-1 தரத்தின் மூன்றாம் அடுக்காக இறுதி வடிவம் பெற்றது. எம்பி3 என்ற கோப்புப் பெயரை அவர்கள் 1995 ஜூலை 14இல் தேர்ந்தெடுத்தார்கள். உரிமம் வழங்கும் பொறுப்பு பிரெஞ்சு நிறுவனமான தொம்சனிடம் இருந்தது. எம்பி3ஐ ஒலிக்கவிடும் கருவி ஒன்றுக்கு 75 அமெரிக்க சதம், வருடத்துக்குக் குறைந்தது 15,000 டொலர் என்பது அவர்களுடைய கட்டண அட்டவணை. ஆயிரம் பெட்டி விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு அந்தக் குறைந்தபட்சத் தொகையே பெட்டிக்கு 15 டொலராகிவிடும். இலட்சக்கணக்கில் விற்பவருக்குத்தான் 75 சதம் 75 சதமாக இருந்தது. சிறியவர்கள் உரிமம் எடுக்காமல் விற்றதற்கு நேர்மையின்மை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அட்டவணையே அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

எம்பி3க்குப் பின் வந்த ஏஏசி முறை 1997இல் தரமாக்கப்பட்டது. அதில் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் பின்னிக் கிடந்ததால் அவற்றை ஒரே தொகுப்பாக்கி உரிமம் வழங்கும் பணியை டொல்பியின் கிளை நிறுவனமான வியா லைசென்சிங் ஏற்றது. முதல் ஐந்து இலட்சம் அலகுகளுக்கு அலகொன்றுக்கு 98 சதம், அதற்கு மேல் எண்ணிக்கை ஏற ஏறக் கட்டணம் இறங்கும் படிமுறை. ஏஏசியில் பதிந்த பாட்டை விற்பதற்கோ ஒலிபரப்புவதற்கோ பணம் கேட்கவில்லை. இந்தச் சலுகைதான் இணையத்திலும் தொலைக்காட்சியிலும் ஏஏசி வேகமாகப் பரவ வழி விட்டது.

ராயல்டியைச் சிப் நிறுவனத்திடம் வாங்குவதா, பெட்டி நிறுவனத்திடம் வாங்குவதா என்ற கேள்விக்கு டொல்பி தெளிவான இரண்டடுக்கு முறையை வைத்திருக்கிறது. சிப் தயாரிப்பாளர் முதல் அடுக்கு. அவர் டொல்பி தொழில்நுட்பத்தைச் சிப்பில் பதித்து, டொல்பியின் சோதனையில் தேறி, ஆரம்பத்தில் ஒரு சிறு தொகை மட்டும் கட்டுவார். ஒவ்வொரு சிப்புக்கும் ராயல்டி கிடையாது. ஆனால் அந்தச் சிப்பை டொல்பியிடம் உரிமம் பெற்ற சாதன நிறுவனங்களுக்கு மட்டுமே விற்கலாம். ராயல்டி முழுவதையும் இரண்டாம் அடுக்கில் உள்ள சாதன நிறுவனம் கட்டுகிறது, பெட்டியில் இலச்சினையையும் பொறிக்கிறது. கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த ஏற்பாடு உண்மையில் மிகக் கெட்டிக்காரத்தனமானது. சிப் நிறுவனம் பெரிய செலவில்லாமல் தன் சிப்பில் டொல்பி வசதியைச் சேர்க்கும். உலகெங்கும் உள்ள தொலைக்காட்சிப் பெட்டிகளின் சிப்புகளில் அது ஏறிவிடும். பிறகு பெட்டி விற்பவர் தப்ப முடியாது. மலிவான சிப்பில் ராயல்டி கேட்டால் பேரம் கசக்கும், இரு நூறு டொலர் பெட்டியில் கேட்டால் அது கண்ணில் படாது.

பெட்டி விற்பவரைத் தேடிப் பிடிக்கும் காட்சி 2008 மார்ச்சில் ஜேர்மனியின் ஹனோவரில் நடந்த செபிட் கண்காட்சியில் வெளிச்சத்துக்கு வந்தது. எம்பி3 உள்ளிட்ட காப்புரிமைகள் மீறப்பட்டதான முறைப்பாட்டின் பேரில் நூற்றுக்கும் மேற்பட்ட பொலிசார் உள்ளே வந்து 51 கடைகளில் சோதனையிட்டுப் பெட்டி பெட்டியாகக் கருவிகளை அள்ளிச் சென்றார்கள். அக்கடைகளில் பல சீன நிறுவனங்களுடையவை. உரிமம் முறையாக எடுத்தவரும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. பிரவுன்ஹோபருக்கு 1 கோடி 60 இலட்சம் டொலர் கட்டி எம்பி3 உரிமம் பெற்றிருந்த மைக்ரோசொப்ட் மீது, அதே தொழில்நுட்பத்தில் தனக்கும் காப்புரிமை உண்டு என்று அல்காட்டெல்-லூசன்ட் வழக்குப் போட்டது. 2007 பெப்ரவரியில் சான் டியாகோ ஜூரி 152 கோடி டொலர் இழப்பீடு விதித்தது. ஓகஸ்டில் நீதிபதி அதை இரத்துச் செய்தார். ஒரு காப்புரிமையாளரிடம் பணம் கட்டியது இன்னொருவரிடமிருந்து பாதுகாப்பு ஆகாது என்பதைச் சிப் வாங்கும் எல்லோரும் அந்த ஆறு மாதத்தில் தெரிந்துகொண்டார்கள்.

இந்தியாவில் இந்தக் கேள்விகள் டில்லி உயர் நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டன. முதலாவது, பிலிப்ஸ் நிறுவனம் 2009இல் தொடுத்த வழக்கு. டிவிடி கருவிகளைச் சீனாவிலிருந்து பாகங்களாக இறக்குமதி செய்து உள்ளூரில் பூட்டி விற்றவர்கள் எதிராளிகள். வழக்கின் பொருள் ஒலிக் குறியாக்கம் இல்லை, வட்டில் உள்ள குறிகளைப் பிட்டுகளாக மாற்றும் வழிமுறை. ஆனாலும் சிப்பும் உரிமமும் பற்றிய அடிப்படை வாதம் அங்கு எழுந்தது. பிலிப்சிடம் உரிமம் பெற்ற மீடியாடெக் போன்ற நிறுவனங்களின் சிப்பைத்தான் வாங்கினோம், ஆகவே உரிமம் அத்துடன் தீர்ந்துவிட்டது என்பது அவர்களுடைய தற்காப்பு. அப்படி வாங்கியதற்கு ஆதாரம் காட்டவில்லை என்று நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 2018 ஜூலை 12இல் நீதிபதி முக்தா குப்தா வழங்கிய தீர்ப்பு, தரத்துக்கு இன்றியமையாத காப்புரிமை ஒன்றில் முழு விசாரணைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் தீர்ப்பு. 2010 மே 27 வரை கருவிக்கு 3.175 டொலர், அதன்பின் 1.90 டொலர் என்று ராயல்டி நிர்ணயமானது. அந்தக் காப்புரிமை 2015 பெப்ரவரியிலேயே காலாவதியாகியிருந்தது.

இரண்டாவது நேரடியாக ஒலிக் குறியாக்கத்தைப் பற்றியது, தொகையும் பல மடங்கு பெரியது. கைத்தொலைபேசியில் பேசும்போது குரலைச் சுருக்குவது ஏஎம்ஆர் என்ற முறை. குரல் செக்கனுக்கு 8,000 மாதிரிகளாக எடுக்கப்படுகிறது. 20 மில்லி செக்கனுக்கு ஒரு சட்டகம், அதில் 160 மாதிரிகள். வலைப்பின்னலின் நிலைக்கேற்ப எட்டு வேகங்களில் ஒன்றை அது தேர்ந்துகொள்ளும்: சமிக்ஞை நன்றாக இருந்தால் செக்கனுக்கு 12.2 கிலோபிட், மோசமானால் 4.75 வரை இறங்கும். உச்ச வேகத்திலும் ஒரு சட்டகத்துக்கு 244 பிட் மட்டுமே. தொண்டையும் வாயும் ஒலியை உருவாக்கும் விதத்தைக் கணித மாதிரியாக்கி, குரலுக்குப் பதில் அந்த மாதிரியின் எண்களை அனுப்புவதால்தான் இவ்வளவு சிக்கனம் முடிகிறது. ஏஎம்ஆருக்கு அடிப்படையான குறியாக்க முறை கனடாவின் கியூபெக் மாகாணத்து ஷேர்புரூக் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. மன்னார்–மதவாச்சி வீதியில் உயிலங்குளத்தில் நின்று அழைப்பெடுக்கும் ஒருவரின் ‘எப்ப வாறீங்கள்?’ என்ற ஒரு செக்கன் கேள்வி, கையில் உள்ள சிப்புக்குள் ஐம்பது சட்டகங்களாக வெட்டப்பட்டுத்தான் கோபுரத்தை அடைகிறது. அந்தச் சிப் எந்த நாட்டில் செய்யப்பட்டிருந்தாலும், உள்ளே உள்ள ஏஎம்ஆர் குறியாக்கிக்கு யாரோ ஒருவர் உரிமம் எடுத்திருக்க வேண்டும்.

எரிக்சன் நிறுவனம் 2013 முதல் மைக்ரோமாக்ஸ், இன்டெக்ஸ், லாவா போன்ற இந்தியக் கைத்தொலைபேசி நிறுவனங்கள் மீது அடுத்தடுத்து வழக்குத் தொடுத்தது. இன்டெக்ஸ், லாவா வழக்குகளில் எட்டுக் காப்புரிமைகள். அவற்றில் ஐந்து ஏஎம்ஆர் குரல் குறியாக்கம் பற்றியவை. எதிராளிகளின் முதல் வாதம் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவைப் பற்றிக்கொண்டு நின்றது. கணித முறை, கணினி நிரல், அல்கோரிதம் ஆகியவை தம்மளவில் காப்புரிமைக்கு உரியவை ஆகா என்கிறது அப்பிரிவு. குரலைச் சுருக்குவது கணக்குத்தானே என்று கேட்டார்கள். 2015 மார்ச்சில் இன்டெக்ஸ் வழக்கில் இடைக்கால உத்தரவு வழங்கிய நீதிமன்றம், கணக்கு ஒரு கருவியில் செயற்பட்டுத் தொழில்நுட்பப் பயன் தந்தால் அந்த விலக்குப் பொருந்தாது என்ற பக்கம் சாய்ந்தது. 2023 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வும் எரிக்சன் பக்கமே நின்றது.

இரண்டாவது வாதம் பணம் பற்றியது, சிப் வியாபாரத்தின் நரம்பைத் தொடுவது. ராயல்டியை எதன் விலையில் கணக்கிடுவது, சிப்பின் விலையிலா, முழுத் தொலைபேசியின் விலையிலா? மைக்ரோமாக்சின் முறைப்பாட்டை எடுத்துக்கொண்ட இந்தியப் போட்டி ஆணையம் 2013 நவம்பர் உத்தரவில் இதை எளிய கணக்கால் விளக்கியது. 1.25 சதவீத ராயல்டி என்றால் 100 ரூபாய்த் தொலைபேசிக்கு 1.25 ரூபாய், அதே சிப்பை 1,000 ரூபாய்த் தொலைபேசியில் வைத்தால் 12.50 ரூபாய். சிப் மாறவில்லை, குறியாக்கி மாறவில்லை. திரையும் கமராவும் விலையேறியதற்கு எரிக்சனுக்கு ஏன் பத்து மடங்கு பணம்? கேள்வி நியாயமானதாகவே படுகிறது. ஆனால் நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. 2023 ஜூலையில் டில்லி உயர் நீதிமன்றம், காப்புரிமை உரிமம் சார்ந்த இத்தகைய விடயங்களில் காப்புரிமைச் சட்டமே மேலோங்கும் என்று சொல்லி ஆணையத்தின் விசாரணையை நிறுத்தியது. 2024 மார்ச் 28இல் லாவா வழக்கில் நீதிபதி அமித் பன்சால் தீர்ப்பளித்தார். எட்டில் ஒரு காப்புரிமை செல்லாது, ஏழு செல்லும். தொலைபேசியின் விற்பனை விலையில் 1.05 சதவீதம், மொத்த இழப்பீடு ஏறத்தாழ 244 கோடி இந்திய ரூபாய். அதற்குள் காப்புரிமைகளின் காலம் முடிந்துவிட்டிருந்ததால் விற்பனைக்குத் தடை விதிக்கும் கேள்வி எழவில்லை. டிவிடி வழக்கில் போலவே இங்கும் காப்புரிமை மறைந்த பிறகுதான் விலை நிச்சயமானது.

இலங்கையில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். கணினி நிரல்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பும், கண்டுபிடிப்புகளுக்கு இருபது வருடக் காப்புரிமையும் அதில் உண்டு. காப்புரிமை நாட்டுக்கு நாடு பதிவு செய்யப்பட வேண்டிய ஒன்று. ஒரு நாட்டில் பதியப்படாத காப்புரிமையை அந்த நாட்டில் வலியுறுத்த முடியாது. சிறிய சந்தைகளில் பதிவுச் செலவே வரவை மிஞ்சும் என்பதால் பல ஐரோப்பிய நிறுவனங்கள் அங்கெல்லாம் பதிவதில்லை. அதனால் மன்னாரில் தொலைபேசி வாங்குபவர் ராயல்டி கட்டுவதில்லை என்று ஆகிவிடாது. தொலைபேசி உற்பத்தியான நாட்டிலும், உலக அளவிலான உரிம ஒப்பந்தத்திலும் அது ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது. வீதியோரக் கடையில் விற்கும் பெயரில்லாத யூஎஸ்பி பாட்டுப் பெட்டியின் கதை வேறு. அதன் சிப் தெற்குச் சீனாவிலிருந்து வருகிறது. முச்சக்கர வண்டியின் சிகரட் லைட்டர் துளையில் செருகிப் பண்பலையில் பாட்டை அனுப்பும் கருவியைக் கழற்றினால் உள்ளே விரல் நகமளவு பலகை, அதில் பெரும்பாலும் ஒரே ஒரு கரிய சிப். இலச்சினையோ உரிம எண்ணோ எங்கும் இல்லை.

அப்படிப்பட்ட பெட்டியும் இன்று எம்பி3ஐப் பொறுத்தவரை குற்றமற்றதாகிவிட்டது. முக்கியக் காப்புரிமைகள் முடிவுக்கு வந்ததால் 2017 ஏப்ரல் 23இல் பிரவுன்ஹோபரும், தொம்சனின் பெயர் மாறிய வடிவமான டெக்னிகலரும் எம்பி3 உரிமத் திட்டத்தை மூடின. சில ஆங்கிலப் பத்திரிகைகள் அதை எம்பி3யின் மரணம் என்று எழுதின. நடந்தது நேர்மாறு: அன்றிலிருந்துதான் யாரும் அதைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

காப்புரிமை முடிவதற்குக் காத்திராமல் விலக்கிச் செல்லும் வழிகளும் வளர்ந்தன. ஓபஸ் என்ற குறியாக்க முறை 2012இல் இணையத் தரமாக்கப்பட்டது. அதன் உரிமையாளர்கள் ராயல்டி இல்லாமலே உரிமம் வழங்கினார்கள். புளூடூத்துக்காகப் பிரவுன்ஹோபரும் எரிக்சனும் சேர்ந்து வளர்த்த எல்சி3 முறை 2020இல் வெளிவந்தது. கூகுளின் அன்ட்ரொயிட் இன்னும் சுவையான குழப்பத்தைக் கொண்டுவந்தது. 2012 அளவில் பிரவுன்ஹோபர் தன் ஏஏசி குறியாக்கியின் மூல வரிகளை அன்ட்ரொயிட்டுக்குக் கொடுத்தது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், சிப்பில் வைக்கலாம். ஆனால் உரிம வாசகத்தின் நடுவே, இதனால் எந்தக் காப்புரிமையும் வழங்கப்படவில்லை என்று எழுதி வைத்திருக்கிறது. மென்பொருளுக்கு விலை வைத்து வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய அடி. கூலியை இலவசமாக்கிக் குத்தகையை மட்டும் வைத்துக்கொள்ள ஆய்வகம் ஒன்றால் முடியும். காப்புரிமை இல்லாத பெங்களூர் நிறுவனத்தால் முடியாது.

இட்டியம் அதற்குக் கொடுத்த பதிலும் கவனிக்கத்தக்கது. 2014இல் வந்த அன்ட்ரொயிட் ஐந்தாம் பதிப்பிலிருந்தே அதன் காணொளிக் குறிவிலக்கிகள் அன்ட்ரொயிட்டின் மூல வரிகளுக்குள் இருக்கின்றன. 2018இல் ஏஏசி குடும்பத்தின் புதிய உறுப்பினரான எக்ஸ்எச்இ-ஏஏசிக்கான நூலகமும் அங்கு சேர்ந்தது. பிற்காலத்தில் அதே நூலகத்தில் குறியாக்கியும் இணைக்கப்பட்டது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும், இதை முதலில் எழுதி வழங்கியது பெங்களூர் இட்டியம் சிஸ்டம்ஸ் என்ற வரி இருக்கிறது. மூல வரிகளைத் திறந்து கொடுத்தவரிடமே, அதைக் குறிப்பிட்ட சிப்புக்கு ஏற்றபடி செதுக்கித் தரும் வேலைக்கு ஆட்கள் வருவார்கள் என்பது அதன் பின்னுள்ள வியாபாரக் கணக்கு. சோனியின் எல்டாக் முறை இன்னொரு திசையில் போனது. 2017இல் அதன் குறியாக்கி அன்ட்ரொயிட்டில் இலவசமாகச் சேர்க்கப்பட்டது, குறிவிலக்கி சேர்க்கப்படவில்லை. தொலைபேசி செய்பவர் சும்மா எடுத்துக்கொள்ளலாம். காதுக்கருவி செய்பவர் சோனியிடம் போக வேண்டும். எம்பி3 காலத்தில் குறியாக்கிக்கே அதிக விலை இருந்தது. இங்கு அது தூண்டிலில் மாட்டிய இரையாகிவிட்டது.

எக்ஸ்எச்இ-ஏஏசி முறைக்கு இந்தியாவில் இன்னொரு களம் உண்டு. அகில இந்திய வானொலி சென்னை உட்பட 35 மத்திய அலை நிலையங்களில் டிஆர்எம் என்ற எண்முறை ஒலிபரப்புக் கருவிகளை நிறுவியிருக்கிறது. டிஆர்எம்மின் தற்போதைய ஒலிமுறை அதுவே. பாக்கு நீரிணைக்கு இப்பால் மன்னார்க் கரையில் பழைய ரேடியோவின் முள்ளைத் திருப்பித் தமிழ்நாட்டு நிலையங்களைப் பிடிப்பவருக்கு எண்முறை அலை வெறும் இரைச்சலாகவே கேட்கும், குறிவிலக்கி இல்லாததால். ஒலிபரப்புக் கருவிகள் ஒரு பக்கம் நிற்க, அதைப் பிடிக்கும் மலிவான ரேடியோ சந்தையில் வராததே அந்தத் திட்டத்தின் நீண்டகாலக் குறை. தனிச் சிப் செய்தால் சில்லறை விற்பனையில் கட்டுப்படியாகாது. மேலே ஏஏசி ராயல்டி வேறு. புதிய கார்களில் மட்டும் டிஆர்எம் கணிசமாக ஏறியிருக்கிறது, ஏனென்றால் காரின் விலையில் அந்தச் செலவு தெரிவதில்லை. கொச்சியின் இன்டொட் டெக்னோலஜீஸ் தனிச் சிப்பைத் தவிர்த்து, தொலைபேசியிலும் கார்த் திரையிலும் ஏற்கெனவே இருக்கும் பொதுச் செயலியிலேயே ஓடக்கூடிய டிஆர்எம் வாங்கி மென்பொருளை எழுதி உற்பத்தியாளர்களுக்கு உரிமத்தில் கொடுக்கிறது. சிப்பின் செலவு இதனால் குறையும். ஏஏசி தொகுப்புக்கான கட்டணத்தை, 2023இல் எம்பெக் எல்ஏ நிறுவனத்துடன் இணைந்து வியா எல்ஏ என்று பெயர் மாறிய அதே அமைப்பு, பெட்டி விற்பவரிடமே தொடர்ந்து வாங்குகிறது.